கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள்

பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தை நம்மில் பலர் ஒரு சோகக் கதையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். 1988இல் வந்த அந்தப் படத்தை ஒருமுறை கணக்குப்பிள்ளையின் கண்ணோடு பார்க்கலாம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், அலுவலகத்துக்குப் போய்வரும் சுதா என்ற பெண் சொந்த வீடு கட்ட இறங்குகிறாள். குடும்பத்துக்கு இருந்த மனையில் ஒன்று விலையாகிறது. கடன் வாங்கப்படுகிறது. ஒப்பந்தக்காரர் சிமெண்டில் கைவைக்கிறார். கடைசியில், அந்த இடம் குடிநீர் வாரியத்தின் தேவைக்காகக் கையகப்படுத்தப்பட்ட நிலம் என்று தெரியவருகிறது. ஒப்பந்தக்காரரின் திருட்டையும் அரசின் மெத்தனத்தையும் படம் காட்டுவது எல்லோருக்கும் தெரிகிறது. என் கண்ணில் பட்டது வேறு. வீடு எழும்ப எழும்ப, அவளைத் தாங்கிக்கொண்டிருந்த ஒவ்வொன்றும் செங்கல்லாக மாறிக்கொண்டே போகிறது. விற்க இன்னொன்று இல்லை என்ற நிலையில்தான் இடி விழுகிறது.

இது 1988இன் கதை மட்டும் அல்ல. முதல் வீட்டுக்குப் பணம் சேர்ப்பது எப்படி என்று எழுதுபவர்கள் எல்லோரும் பத்திரப்பதிவு நாளோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். பால் காய்ச்சிக் குடித்து, வந்தவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்து அனுப்பிய மறுநாள் காலை அந்தக் குடும்பத்தின் கையில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் வீட்டுக்குச் சேமிக்கும் வழிகளை ஒரு சுற்றுப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

நம் அப்பாக்கள் தலைமுறையில் வரிசை வேறாக இருந்தது. முதலில் சேமிப்பு, பிறகு வீடு. அரசு ஊழியரோ ஆசிரியரோ ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வுபெற்று, வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கைக்கு வந்த பிறகு ஊரில் ஒரு வீடு கட்டுவார். அதற்குள் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போயிருப்பார்கள். 1961இல் தொடங்கிய தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் அண்ணா நகர், கலைஞர் கருணாநிதி நகர் போன்ற இடங்களில் தவணைக்கு வீடு ஒதுக்கியது. அது கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். சாதாரண மனிதருக்கு வீட்டுக் கடன் என்பதையே ஒரு தொழிலாக்கியது 1977இல் ஹஸ்முக் பரேக் தொடங்கிய எச்.டி.எஃப்.சி. அதன் பிறகு மெல்ல மெல்ல வரிசை தலைகீழானது. இன்று முப்பது வயதில் முதலில் வீடு, பிறகு இருபது ஆண்டுகளுக்குத் தவணை என்ற பெயரில் சேமிப்பு. அப்பா கடனில்லாமல் கட்டினார், அனுபவிக்க ஆண்டுகள் குறைவாக இருந்தன. மகனுக்கு அனுபவிக்க ஆண்டுகள் நிறைய இருக்கின்றன. காலுக்குக் கீழே மெத்தைதான் இல்லை.

கணக்குக்காக ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் வாடகைக்கு இருக்கிறார்கள். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 80,000 ரூபாய் வருகிறது. கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் 50 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்துவிட்டார்கள். விளம்பரப் பலகை அவர்களிடம் சொல்வது, பத்து சதவீதம் கட்டினால் போதும் என்று. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குத்தான் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால் 80 சதவீதம்தான். ஆக 40 லட்சம் கடன், 10 லட்சம் கைக்காசு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது, அதையும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 50 லட்சம் வரை மதிப்புள்ள புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மூன்று லட்சம் போயிற்று. (தனி மனையோ பழைய வீடோ என்றால் 7ம் 2ம் சேர்ந்து 9 சதவீதம்.) கட்டி முடியாத வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அது இரண்டரை லட்சம். இதுவரை பதினைந்தரை லட்சம். கார் நிறுத்துமிடம், மின் இணைப்பு வைப்புத்தொகை, வக்கீல் கட்டணம், அலமாரி, கம்பி வலை, கிரகப்பிரவேசச் சாப்பாடு எல்லாம் இனிமேல்தான். 'பத்து சதவீதம்' என்ற பலகையை நம்பிப் போனவர் வீட்டு விலையில் மூன்றில் ஒரு பங்கைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

மாதம் 14,000 ரூபாய் வீதம் ஏழு ஆண்டுகள், ஏழு சதவீத வட்டியில் சேர்த்தால் பதினைந்து லட்சத்துக்குச் சற்று மேல் வரும். அந்த ஏழு ஆண்டில் வீட்டு விலை ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறினாலே 50 லட்சம் 70 லட்சமாகிவிடும் என்பதுதான் எரிச்சல். துரத்தத் துரத்த நகரும் இலக்கு. அதனால்தான் மக்கள் சேர்த்து முடிக்கக் காத்திருப்பதில்லை. இருப்பதையெல்லாம் உருட்டிப் போட்டு இன்றைக்கே வாங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எதையெல்லாம் உருட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதலில் பி.எஃப். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து, 2024-25க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்த கணக்கு அது. வங்கி வைப்பில் இந்த வட்டி கிடைக்காது. வீடு வாங்க அதிலிருந்து எடுக்க விதிகள் இடம் தருகின்றன, அதை ஒரு வரப்பிரசாதமாகவே பலரும் பார்க்கிறார்கள். எட்டேகால் சதவீதம் தரும் பணத்தை எடுத்து எட்டரை சதவீதக் கடனைக் குறைக்கிறோம், கணக்குச் சரிதானே என்பார்கள். வட்டிக் கணக்கு சரிதான். அந்தப் பணம் அறுபது வயதுக்கு என்று ஒதுக்கிய ஒரே பணம் என்பது மட்டும் அந்தக் கணக்கில் வராது. தனியார் வேலையில் ஓய்வூதியம் என்று பேருக்கு வரும் தொகை மளிகைக் கடைக்கே காணாது.

அடுத்து நகை. 2015இல் பவுன் இருபதாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 டிசம்பரில் சென்னையில் ஒரு லட்சத்தை எட்டியது. பத்தாண்டில் ஐந்து மடங்கு. அதே பத்தாண்டில் ஏழு சதவீத வைப்பு நிதி இரண்டு மடங்கைத்தான் தொட்டிருக்கும். 'அப்பவே தங்கமா வாங்கிப் போட்டிருந்தா வீடே வாங்கியிருக்கலாம்' என்று இப்போது திண்ணைதோறும் பேச்சு. ஆனால் 2012இலும் 2018இலும் பவுன் விலை ஏறக்குறைய ஒரே இடத்தில், இருபத்துநாலாயிரத்துக்குப் பக்கத்தில் நின்றது யாருக்கும் நினைவில்லை. அந்த ஆறு ஆண்டில் வீட்டுக்கென்று நகை சேர்த்தவர் செய்கூலியும் சேதாரமும் கொடுத்ததுதான் மிச்சம். எனக்குத் தெரிந்து தங்கத்தின் உண்மையான பயன் விலையேற்றத்தில் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொன்னால், காலையில் கழுத்துச் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து மதியத்துக்குள் பணத்தோடு திரும்பலாம். சம்பளச் சீட்டு வேண்டாம், ஜாமீன் வேண்டாம், யாரிடமும் பல்லிளிக்க வேண்டாம். பொருளாதார நூல்கள் 'அவசர நிதி' என்று சொல்வதை நம் வீட்டுப் பெண்கள் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அதை விற்று வீட்டுக்கு முன்பணம் கட்டும்போது குடும்பம் அவசர நிதியை முழுதாகச் செலவழித்துவிடுகிறது. அடகு வைத்துக் கட்டினால் இன்னும் மோசம். அவசர நிதியும் போய், இரண்டாவதாக ஒரு வட்டியும் ஓடத் தொடங்கும்.

சீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வங்கி வாசலை மிதிக்காதவர்களின் வீடுகள் பெரும்பாலும் சீட்டில் எழும்பியவை. இருபது பேர், மாதம் 25,000, இருபது மாதம், ஐந்து லட்சம் சீட்டு. அவசரக்காரர் மூன்றாவது மாதமே தள்ளி எடுக்கிறார். ஒன்றரை லட்சம் தள்ளினால் மூன்றரை லட்சம் கையில். தள்ளிய பணத்தில் சீட்டுப் பிடிப்பவரின் கமிஷன் போக மீதி எல்லோருக்கும் கழிவாகப் பிரிகிறது. பொறுமைக்காரர் கடைசி வரை காத்திருந்து, மாதாமாதம் 25,000க்குக் குறைவாகவே கட்டி, கமிஷன் போக முழுத்தொகை எடுக்கிறார். ஒரே ஏற்பாட்டுக்குள் ஒருவருக்குக் கடன், இன்னொருவருக்குச் சேமிப்பு. இதைவிட எளிய வங்கியை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மத்திய அரசின் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம் கமிஷன் உச்சவரம்பை 5இலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது. பதிவுபெற்ற சீட்டு என்றால் கேட்க ஆளுண்டு. தெருவில் அக்கா ஒருத்தி பிடிக்கும் சீட்டில், அந்த அக்காவின் வீட்டுக் கதவு பூட்டிக் கிடக்கும் நாளில் கேட்க ஆளில்லை.

என் தெருவிலேயே அப்படி ஒரு கதவு பூட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பூட்டின் முன் நின்றவர்களில் பாதிப்பேர் வீட்டு வேலையை ஆரம்பித்தவர்கள். சீட்டுப்பணம் வரும் என்று கொத்தனாருக்கு நாள் குறித்துக் கொடுத்தவர்கள்.

வீட்டுக்குச் சேர்ப்பவர்தான் மோசடிக்காரர்களுக்கு உகந்த இரை. கையில் இரண்டு மூன்று லட்சம் இருக்கும், தேவை இருபது லட்சமாக இருக்கும், காலம் விரட்டிக்கொண்டிருக்கும். தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்த பிறகுதான் 1997இல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2022இல் ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தபோது, மாதத்துக்கே இருபத்தைந்து, முப்பது சதவீதம் தருவதாகச் சொன்னதை நம்பிப் பணம் போட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். பேராசை என்று ஊர் சிரித்தது. அந்த வரிசையில் நின்ற எல்லோரையும் பேராசைக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். நேர்மையான வட்டியில் சேர்த்தால் இந்தப் பிறவியில் வீடு இல்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களும் அதில் உண்டு. கணக்கு சரி, தேர்ந்தெடுத்த இடம்தான் தவறு.

மொய்யைச் சொல்லாமல் விட முடியாது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தில் ஒரே நாளில் லட்சக்கணக்கில் திரளும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம்தான். தொழிலுக்கும் கிணற்றுக்கும் வீட்டுக்கும் முதல் திரட்டும் வழி அது. வாங்கியதைவிடச் சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும், அடுத்தவர் எப்போது விருந்து வைக்கிறாரோ அப்போது. தவணைத் தேதியை நாம் தீர்மானிக்க முடியாத கடன். விளைச்சல் பொய்த்த ஆண்டில் ஐந்து அழைப்பிதழ் வந்தால் என்ன செய்வது என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பரஸ்பர நிதியில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. பற்றி இளைஞர்கள் கேட்பார்கள். ஏழெட்டு ஆண்டு காத்திருக்க முடிந்தவருக்கு நல்லது. அடுத்த ஆண்டு கிரயம் செய்யப்போகிறவர் பங்குச் சந்தையில் முன்பணத்தை வைத்திருக்கக் கூடாது. இதில் சொல்ல இதற்குமேல் ஒன்றும் இல்லை.

சரி, எப்படியோ புரட்டியாயிற்று. 40 லட்சம் கடன், எட்டரை சதவீதம், இருபது ஆண்டு. மாதத் தவணை 34,713 ரூபாய். முதல் தவணையில் 28,333 வட்டிக்குப் போகிறது, அசலில் குறைவது 6,380 மட்டும். பத்து ஆண்டு கட்டிய பிறகும், அதாவது பாதிக் காலம் கடந்த பிறகும், பாக்கி ஏறக்குறைய 28 லட்சம். மொத்தம் கட்டுவது 83 லட்சத்துக்கு மேல். இந்த எண்களைச் சொல்லி யாரையும் பயமுறுத்த விருப்பமில்லை. நீண்டகாலக் கடன் எல்லாமே இப்படித்தான். ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் மூன்று ஆண்டுக்கு மேல் குறையும், மாறும் வட்டிக் கடனில் அதற்கு அபராதம் விதிக்கக் கூடாது என்று 2012இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆனால் கூடுதலாகக் கட்டக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே.

வட்டி மாறும் என்பதைப் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உணர்கிறார்கள். 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய வீட்டுக் கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. 2021இல் ரெப்போ 4 சதவீதமாக இருந்தபோது ஆறரை சதவீதத்துக்கெல்லாம் வீட்டுக் கடன் கிடைத்தது. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ ஆறரைக்குப் போனது. ஆறரைக்கு 30 லட்சம் வாங்கியவரின் தவணை 22,367. ஒன்பது சதவீதமானால் அதே 30 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 22,500! கட்டும் தவணை வட்டிக்கே போதாது. ஒன்றரை ஆண்டு ஒழுங்காகக் கட்டி அசலைச் சற்றுக் குறைத்திருந்தாலும், தவணையை ஏற்றாமல் விட்டால் மிச்சக் காலம் பதினெட்டரை ஆண்டிலிருந்து முப்பத்தெட்டு ஆண்டாக நீளும். அப்படி நீண்டது பலருக்குத் தெரியவே இல்லை, வங்கி தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டிவிட்டிருந்தது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரைக் கேட்டாக வேண்டும் என்றது. 2025இல் ரெப்போ படிப்படியாக 5.25க்கு இறங்கியது. ஏறும்போது தானாக ஏறிய காலம், இறங்கும்போது தானாக இறங்கியதா என்று ஒவ்வொருவரும் தம் கணக்கு அறிக்கையைப் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் தம்பதிக்கு வருவோம். கைக்கு வரும் 80,000இல் தவணை 34,713 என்றால் நாற்பத்துமூன்று சதவீதம். இருவரும் வேலையில் இருக்கும்வரை மூச்சு விடலாம். குழந்தை பிறந்து அவள் ஓராண்டு வீட்டில் இருக்க நேர்ந்தால்? அவன் வேலை பார்க்கும் நிறுவனம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நூறு பேரை அனுப்பிவிட்டால்? ஒரு சம்பளம் 45,000 மட்டும் என்றால், தவணை போக மிச்சம் பத்தாயிரம். தவணை தொண்ணூறு நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக் கடன் பட்டியலுக்குப் போகும். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி அறுபது நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பும். அதற்குப் பிறகு நீதிமன்ற வழக்கு நடத்தித் தீர்ப்புக்குக் காத்திருக்காமலே வீட்டைத் தன் வசம் எடுக்கும் நடவடிக்கையைத் தொடங்கலாம். அடுத்த வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆகும்? இந்த இரண்டு கால அளவுகளுக்கும் நடுவில் நிற்பது கையிருப்பு ஒன்றுதான். தவணையும் வீட்டுச் செலவும் சேர்ந்து மாதம் எழுபதாயிரம் என்றால், ஆறு மாதத்துக்கு நாலே கால் லட்சம். ஆகவே இந்த வீட்டுக்கு அவர்கள் சேர்க்க வேண்டியது பத்து லட்சம் அல்ல, பதினைந்தரையும் அல்ல, இருபது. அந்தக் கடைசி நாலே காலைத் தொடாமல் விட்டுவிட்டுத்தான் பத்திரப்பதிவுக்குப் போக வேண்டும். முடியாவிட்டால் நாற்பது லட்சத்துக்கு ஒரு வீடு பார்க்க வேண்டும், அல்லது இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும். விலை ஏறிவிடுமே என்றால், ஏறட்டும். ஏறிய விலைக்கு வாங்கியவர் கஷ்டப்படுவார், ஏலத்துக்குப் போன வீட்டுக்காரர் எல்லாவற்றையும் இழப்பார்.

கையிருப்போடு, கடன் வாங்கியவரின் உயிருக்குத் தனியாக ஒரு டேர்ம் காப்பீடும், குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடும் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் சாக்குச் சொல்லவும் இடம் குறைந்துவிட்டது. கடனோடு சேர்த்து வங்கி நீட்டும் காப்பீட்டை வாங்கியே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதன் பிரீமியத்தைக் கடனிலேயே ஏற்றி இருபது ஆண்டு வட்டி வாங்குவார்கள்.

வாடகை வீண் என்ற வாதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். அந்த 50 லட்ச வீடு பதினைந்தாயிரத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும். மாதம் பதினைந்தாயிரம் வாடகை வீண் என்றால், மாதம் 28,333 வட்டி மட்டும் எந்தக் கணக்கில் சேர்த்தி? தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசமான ஏறக்குறைய இருபதாயிரத்தை மாதாமாதம் சேர்ப்பவர் வாடகை வீட்டிலேயே பணக்காரராகிவிடலாம் என்று கணக்குப் புலிகள் சொல்வது காகிதத்தில் உண்மை. நடைமுறையில் அந்த இருபதாயிரம் தீபாவளி, பள்ளிக் கட்டணம், அத்தை பெண் கல்யாணம் என்று கரையும். வீட்டுத் தவணை என்பது வங்கி பிடிக்கும் சீட்டு, கட்டாமல் விட முடியாது என்பதே அதன் பலம். இன்னொன்று, வீட்டுக்காரர் 'பையனுக்குக் கல்யாணம், காலி பண்ணிடுங்க' என்று சொல்லும் நாளின் அவமானத்துக்கு எந்தக் கணக்கிலும் விலை போட முடியாது. சைவமா அசைவமா, என்ன ஆட்கள் என்று வாசலிலேயே சாதி விசாரிக்கும் ஊரில், சிலருக்குச் சொந்த வீடு என்பது முதலீடே அல்ல. அது வேறு கணக்கு, அதற்கு வட்டி விகிதம் கிடையாது.

வரிச் சலுகைக்காக வீடு வாங்கு என்ற பழைய உபதேசம் மட்டும் இப்போது செல்லாது. குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு இரண்டு லட்சம் வரை கழிவு என்பது பழைய வரிமுறையில் உள்ளது. பெரும்பாலானோர் இருக்கும் புதிய முறையில் அது இல்லை.

வாங்கும் பொருளே கெட்டதாக இருந்தால் சேமிப்பு பற்றிய இத்தனை பேச்சும் வீண். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் வேலை செய்ய வந்த கூலித் தொழிலாளர்கள். அங்கே வீட்டுக்குப் பணம் கட்டியிருந்தவர்கள் தங்கள் கண்ணெதிரே இன்னொரு கோபுரமும் 2016இல் வெடிவைத்துத் தகர்க்கப்படுவதைப் பார்த்தார்கள். அதே 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. ஏரிப் பாசன நிலத்தைக் கல் நட்டு, கொடி கட்டி, ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து அழைத்துப் போய்க் காட்டிய மனைகளில் சிறுகச் சிறுகச் சேர்த்ததைப் போட்டிருந்தவர்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றார்கள். அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது, கட்டணம் கட்டிச் சரிசெய்தார்கள். அந்தத் தடைக்கு முந்தைய ஆண்டு, 2015 டிசம்பர் வெள்ளத்தில், முடிச்சூர் பக்கம் தங்கள் முதல் வீட்டின் மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த மனை ஏன் மலிவாகக் கிடைத்தது என்பது புரிந்தது. வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, அடுக்குமாடி என்றால் பிரிபடாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்பது. இவற்றைப் பார்க்க வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரங்களில் மிச்சம் பிடிப்பவர்கள், கிரகப்பிரவேச மண்டபத்தில் அதைப்போலப் பல மடங்கு செலவழிக்கிறார்கள்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்களின் வீடுகள் வேறு விதமாக எழும்புகின்றன. தமிழ்நாட்டின் எந்த ஊர் எல்லையிலும் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். பேஸ்மட்டம் போட்டு நின்றுபோன வீடு, லிண்டல் வரை எழும்பிச் செடி முளைத்த வீடு, பூசாத சுவரோடு குடிவந்த வீடு, மேல்தளத்தில் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். படித்தவர்கள் இதைத் திட்டமிடாமை என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மாதம் எவ்வளவு வரும் என்று தெரியாத கொத்தனாருக்கும் தையல்காரருக்கும் வளைகுடாவில் வேலை பார்ப்பவருக்கும் அதுதான் சேமிப்புக் கணக்கு. சீட்டு எடுத்த ஆண்டு சுவர், கரும்புப் பணம் வந்த ஆண்டு தளம், மகன் துபாய் போன ஆண்டு மாடி. பணம் நின்றால் வேலை நிற்கும், வீடு ஏலத்துக்குப் போகாது. துருப்பிடிக்கும் கம்பியும் ஏறும் சிமெண்டு விலையும்தான் இந்த முறையின் வட்டி. அந்த வட்டியைத் தாங்கமுடியாமல் கடைசி இரண்டு லட்சத்துக்கு 'மூணு வட்டி'க்குக் கைநீட்டும்போதுதான் குடும்பம் கவிழ்கிறது. மூணு வட்டி என்றால் ஆண்டுக்கு முப்பத்தாறு சதவீதம். எட்டரை சதவீதத்துக்கு வங்கியில் வாங்கியவர் செய்த தவறுகளைவிட அந்தக் கடைசி இரண்டு லட்சம் கொடியது. அரசு உதவி செய்ய வேண்டிய இடமும் அதுதான். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஊரகக் குடும்பத்துக்கு மூன்றரை லட்சம் தருகிறார்கள். நகர்ப்புறத்துக்கான பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் ஒன்பது லட்சத்துக்குள் இருப்பவர் 35 லட்சத்துக்கு மிகாத வீடு வாங்கினால் 1.80 லட்சம் வரை வட்டி மானியம் உண்டு. சென்னையில் 35 லட்சத்துக்குள் வீடு எங்கே என்று கேட்டால், வண்டலூரைத் தாண்டிப் பாருங்கள் என்பார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த முன்பணத்தில் இருந்த நகை யாருடையது? பெரும்பாலும் மனைவியுடையது, அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அது கையில் இருந்தவரை அவளுடைய பாதுகாப்பு அவள் வசம் இருந்தது. கல்யாணம் கசந்தாலும், கணவன் போய்விட்டாலும், எடுத்துக்கொண்டு வெளியே வர ஒன்று இருந்தது. அதை விற்று வாங்கிய வீட்டின் கிரயப் பத்திரத்தில் கணவனின் பெயர் மட்டும் இருக்கிறது. கடன் அவர் பேரில் என்பது வழக்கமான பதில். கூட்டுக் கடனாக வாங்கவும், பத்திரத்தில் இரண்டு பெயர் எழுதவும் வங்கிகள் தயாராகவே இருக்கின்றன. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்றுகூடத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. 50 லட்ச அடுக்குமாடிக்கு அது பொருந்தாது. ஆனாலும் பதிவு நாளில் இரண்டாவது பெயரைச் சேர்க்க ஒரு பைசா கூடுதல் கிடையாது. பத்து ஆண்டு கழித்து, யாரோ எடுத்துச் சொல்லி, அவள் பங்கைத் தானசெட்டில்மென்ட் பத்திரமாக எழுதப் போனால் முத்திரைத் தீர்வை நாற்பதாயிரம் வரையும் பதிவுக் கட்டணம் பத்தாயிரம் வரையும் ஆகும்.